உறை

கடைசி இரவில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நானும் ஒரு மீனும்.

பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் முந்தின நாளே போய்விட்டன. காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் சுவரின் பழைய பச்சை சதுரமாகப் பளிச்சென்றிருந்தது. இருமினால் கூடம் திருப்பி இருமியது. எல்லாம் போன பிறகும் மீன் தொட்டி மட்டும் அதன் மூலையில் விளக்கெரிய நின்றது. வீடு மாற்றுவதில் மீனுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. அது கடைசியாகக் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததும் முதலில் அதற்குத்தான் இடம் பார்க்க வேண்டும். சாமான்களோடு சாமானாக ஏற்றிவிட்டு, ராத்திரி பிரித்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

ஆஸ்கர் என்பார்கள் அந்த மீனை. ஒரு அடி நீளம். கறுத்த உடம்பில் அணையப்போகும் கரித்துண்டு போல ஆரஞ்சுத் திட்டுகள். வாலடியில் ஆரஞ்சு வளையம் சுற்றிய ஒரு கரும்பொட்டு, பார்த்தால் கண் மாதிரியே இருக்கும். கடிக்க வருகிற மீன் எது தலை எது வால் என்று குழம்ப வேண்டும் என்பதற்காக வாய்த்த பொய்க்கண் அது. பதினொரு வருடத்துக்கு முன் என் மகன் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது கொளத்தூரில் வாங்கி வந்த மூன்று குஞ்சுகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். பையன் இப்போது புனேயில் வேலையில் இருக்கிறான். மீன் எங்களுடையதாகிவிட்டது. அம்மா அதைப் 'பெரியவன்' என்று கூப்பிடுவாள்.

இரண்டு நாளாகப் பெரியவனுக்குச் சாப்பாடு போடவில்லை. பயணத்துக்கு முன் மீனைப் பட்டினி போட வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் மிரட்சியில் கக்கும். சின்னப் பெட்டித் தண்ணீர் அதிலேயே கெட்டுவிடும். அது அவனுக்குத் தெரியுமா? நான் எழுந்தால் எழுந்த பக்கம், நடந்தால் நடந்த பக்கம் என்று கண்ணாடிக்குள் கூடவே வந்தான். கடைசியில் இருட்டிலேயே கையை நீட்டி, தேடாமல் ஸ்விட்சைத் தொட்டு, தொட்டி விளக்கை அணைத்தேன். அணைத்த பிறகும் அந்தப் பார்வை இருந்தது.

*

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒன்பது கன அடி. கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல். ஆக 250 லிட்டர். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி 50 கிலோ. கல், மணல், இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் கூட்டினால் 350 கிலோவை நெருங்கும். இத்தனையும் ஆறு சதுர அடித் தரையில் உட்காருகிறது. குடியிருப்புத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ சுமை தாங்கும்படி வடிவமைப்பது இந்தியத் தர விதி. தொட்டி உட்காரும் இடத்தில் மட்டும் கணக்கெடுத்தால் அதைப்போல மூன்று மடங்கு. தளம் உடனே இடிந்துவிடாது, சுமை பரவும். ஆனாலும் கூடத்தின் நட்டநடுவே வைக்காமல் சுவரோரமாக, உத்தரம் ஓடும் இடமாகப் பார்த்து வைப்பதே நல்லது.

வீடு தேடும்போது இந்தக் கணக்கையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நாங்கள் இருபத்தாறு வருடம் குடியிருந்த பெரம்பூர் வீட்டை, உரிமையாளர் காலமான பிறகு பிள்ளைகள் கட்டுநருக்குக் கொடுத்துவிட்டார்கள். இடித்து அடுக்குமாடி வரப்போகிறது. ஆடி பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். ஆடியில் யாரும் புதுவீடு புக மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். புரோக்கர் காட்டிய வீடுகளில் கேட்ட கேள்விகள் ஒரே மாதிரி இருந்தன. எத்தனை பேர், என்ன வேலை, நான்-வெஜ் உண்டா. ஒருவர் கொஞ்சம் நாசூக்காக, "வீட்ல மீன் உண்டா?" என்று கேட்டார். "தொட்டியில ஒண்ணு உண்டு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "வளர்க்கலாம், சமைக்கக் கூடாது" என்றார். இன்னொரு அம்மா தொட்டி எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டார். 250 லிட்டர் என்றதும் அவர் முகம் போன போக்கு! "ஒரு நாளைக்கா?"

கடைசியில் மேடவாக்கத்தில் முதல் மாடி கிடைத்தது. மீனைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

*

இந்த மீனுக்கு விலாசம் தவறாக எழுதப்பட்டது முதல் தடவையிலேயே நடந்தது. ஸ்பிக்ஸ், மார்டியுஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பிரேசிலில் திரட்டி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன மாதிரிகளை வைத்து 1831-இல் லூயி அகாசி இதை விவரித்தார். அப்போது அவர் அது வாழும் இடத்தை நேரில் பார்த்ததில்லை. கடல்மீன் என்று நினைத்து, அட்லாண்டிக் என்று இருப்பிடம் குறித்துவிட்டார். அமேசானின் கலங்கிய, மெல்ல நகரும் நன்னீரில் பிறந்தது, பதிவேட்டில் உப்புநீர்க்காரனாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் அது எங்கள் வீட்டுக்கு வந்த வழியில் அமேசானுக்கு வேலையே இல்லை. கொளத்தூர்ப் பக்கம் சிமென்ட் தொட்டிகளிலும் மொட்டைமாடிகளிலும் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரிக்கும் மீன்களில் ஒன்று. அதன் ஊர் எது என்று யாராவது கேட்டால் பிரேசில் என்பதா, கொளத்தூர் என்பதா? எங்கள் தாத்தாவின் ஊரை எங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்கிற பழக்கத்தோடு இதை வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

மீன் தொட்டி என்கிற பொருளே ஒரு வீட்டுக் கேள்வியிலிருந்து பிறந்தது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்கோனாட் என்று ஒரு கடல் உயிரி உண்டு; கணவாய்க்கு உறவு. காகிதம் போல மெல்லிய வெண்ணிற ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓடு அதனுடையதா, அல்லது துறவி நண்டைப் போல வேறொன்றின் ஓட்டில் வந்து குடியேறிக்கொள்கிறதா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சொந்த வீடா, வாடகை வீடா என்பதுதான் கேள்வி. ஜான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, பாரிஸில் தையல்காரியாக இருந்தவர், கல்யாணமாகி சிசிலித் தீவின் மெசினாவுக்கு வந்தவர், உயிரோடு பார்த்தால்தான் தெரியும் என்று முடிவு செய்தார். 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்தார். அதற்குள் ஆர்கோனாட்டை வளர்த்தார். ஓட்டை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். அது தன் உடம்பிலிருந்தே சுரந்து விரிசலை அடைத்துக்கொண்டது. சொந்த வீடுதான்.

அவர் கதையின் அடுத்த பகுதிதான் வீடு மாற்றுகிற நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. சிசிலியை விட்டுக் கிளம்பும்போது அவருடைய சேகரிப்புகளையும் குறிப்புகளையும் ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கிவிட்டது. இன்னோர் உயிரின் வீட்டைப் பற்றி உலகத்துக்கு உறுதியாகச் சொன்னவர், தன் வீட்டை மாற்றும்போது பெரும்பகுதியைக் கடலுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஆராய்ச்சி செய்ததாகத் தெரியவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அந்தக் கப்பலை நினைத்துக்கொண்டேன்.

*

தொட்டியைப் பிரிக்க ஒரு தம்பி வந்தார். கொளத்தூரில் மீன் கடை வைத்திருப்பவர். முந்தின வாரமே வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், தொட்டி போனாப் புதுசு வாங்கிக்கலாம். தண்ணிகூடப் புதுசு புடிச்சுக்கலாம். ஃபில்டர் பஞ்சை மட்டும் பைப் தண்ணில கழுவிடாதீங்க. உயிரே அதுலதான் இருக்கு."

அந்தப் பஞ்சை நான் பலமுறை அருவருப்போடு தொட்டிருக்கிறேன். கருஞ்சேறு நிறம். பிழிந்தால் விரலிடுக்கில் வழவழப்பு. மழைக்காலத்துக் கிணற்றுப் படிக்கட்டின் வாசம். வீடு மாற்றும்போது தூக்கிப்போட்டுவிட்டு வெள்ளையாகப் புதுப்பஞ்சு போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் பெரியவன் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டான்.

மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவைக் கழிக்கிறது. ஆற்றில் அது கரைந்து போய்விடும். நாலு கண்ணாடிச் சுவருக்குள் போக வழி கிடையாது. மீன் தன் விஷத்திலேயே மூழ்கிச் சாகும். சாகாமல் இருப்பதற்குக் காரணம், அந்த வழவழப்பில் வாழும் இரண்டு விதமான பாக்டீரியாக் கூட்டங்கள். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம். இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அது அவ்வளவு மோசமில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். மண்ணிலும் நீரிலும் இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது, இரண்டையும் செய்வது வெவ்வேறு உயிர்கள் என்று 1890 வாக்கில் சூரிச்சில் இருந்த ரஷ்யரான செர்கெய் வினோகிராட்ஸ்கி கண்டுபிடித்தார்.

இந்தக் கூட்டம் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. எதையாவது பற்றிக்கொண்டுதான் வாழும். பஞ்சு, கல், கண்ணாடி. மெதுவாகப் பெருகும். குடலில் இருக்கும் பாக்டீரியா வசதியான இடத்தில் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். இவை இரண்டாகப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால்தான் புதுத்தொட்டி பழக நாலைந்து வாரம் பிடிக்கிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பட்டால் போச்சு. காய்ந்தாலும் போச்சு. காற்றில்லாமல் மணிக்கணக்கில் மூடிவைத்தாலும் போச்சு. பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு குடும்பம் குடியிருந்திருக்கிறது. நான் அதை அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பி இன்னொன்றும் சொன்னார். சின்னக் குஞ்சுகளைக் கவரில் ஆக்ஸிஜன் அடைத்து வெளியூருக்கு அனுப்புவார்களே, அதைப் பற்றி. "கவர்ல எத்தனை மணி நேரம் வேணா தாங்கும் சார். போய் இறங்கித் திறந்ததும்தான் சிக்கல்." காரணத்தைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மூடிய கவருக்குள் மீன் விடும் கரியமில வாயு தேங்கித் தண்ணீரைப் புளிப்பாக்குகிறது. அந்தப் புளிப்பில் அம்மோனியா தன் பல்லைக் காட்டாமல் அடங்கிக் கிடக்கும். கவரை அவிழ்த்ததும் கரியமில வாயு வெளியேறும், புளிப்பு குறையும், அதுவரை சாதுவாக இருந்தது விஷமாகத் திரும்பும். வழியெல்லாம் தாங்கிய மீன் வந்து சேர்ந்த இடத்தில் சாகும். ஊர் விட்டு ஊர் போனவர்களில் பயணத்தில் கலங்காமல் இருந்து, போய் இறங்கிய வாரத்தில் படுத்துவிட்ட சிலரை எனக்குத் தெரியும்.

*

பால் காய்ச்ச வெள்ளிக்கிழமை விடியற்காலை மேடவாக்கம் போனபோது அம்மா உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டாள். மடியில் தனியாகச் சின்ன எவர்சில்வர் தூக்கு ஒன்று. காரில் அதைக் கீழேயே வைக்கவில்லை.

"என்னம்மா அது?"

"உறை மோர்."

"அங்க பாக்கெட் தயிர் வாங்கிக்கலாமே."

"வாங்கலாம். அது அவங்க வீட்டுத் தயிர்."

அம்மாவின் தயிருக்கு வயது எனக்குத் தெரியாது. நேற்றைய மோரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. இன்றையதில் ஒரு கரண்டி நாளைக்கு. இந்த வீட்டுக்கு வந்தபோதும் முந்தின வீட்டிலிருந்து இப்படியொரு தூக்கு வந்திருக்கும். நடுவில் எத்தனை முறை அறுந்து, பக்கத்து வீட்டில் வாங்கி உறை ஊற்றியிருப்பாள் என்பதும் தெரியாது. ஆனால் அவள் கணக்கில் அது ஒரே தயிர்.

தம்பி சொன்ன பஞ்சும் அம்மாவின் தூக்கும் அன்றைக்கே என் மனதில் ஒட்டிக்கொண்டன. பால் தயிராவதை உறைதல் என்கிறோம். ஓரிடத்தில் தங்கி வாழ்வதையும் உறைதல் என்கிறோம். உறைவிடம் என்ற சொல் அப்படி வந்ததுதான். அகராதிக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதட்டும். வீடு மாற்றுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பட்டது. வீடு என்பது சுவரில்லை, சாமானில்லை. பழையதிலிருந்து புதியதற்கு ஊற்றுகிற ஒரு கரண்டிப் புளிப்பு. கழுவித் துடைத்துப் பளபளவென்று எடுத்துப்போகிற எதிலும் அது இருக்காது.

இப்படி நினைத்துக்கொண்டதில் எனக்கு ரொம்பத் திருப்தி. கட்டுரைக்கு ஒரு முடிவு கிடைத்த மாதிரி. மீன்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

*

ஞாயிறு காலை நாலரை மணிக்குத் தம்பியும் இரண்டு பேரும் வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீரை இறக்கினோம். மேலாகத் தெளிந்திருந்த தண்ணீரை ஐந்து கேன்களில் பிடித்தோம், 100 லிட்டர். பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் வாளியில் பழைய தண்ணீரிலேயே மூழ்க வைத்து, ஒரு காற்றுக் குழாயையும் விட்டோம். தண்ணீர் அரையடிக்கு இறங்கியதும் பெரியவனின் முதுகு வெளியே தெரிந்தது. வலை போடவில்லை, துடுப்புமுள் வலையில் சிக்கினால் கிழியும். தம்பி அகலமான பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்து மெதுவாக ஓரங்கட்டினார். ஒரே அடி. வாலால் அடித்த அடியில் மூன்று பேர் முகத்திலும் தண்ணீர். பிறகு அடங்கி, டப்பாவோடு தெர்மோகோல் பெட்டிக்குள் இறங்கினான். பேட்டரி மோட்டாரைப் போட்டு மூடியை வைத்தார்கள். இருட்டில் மீன் சாந்தமாகிவிடும்.

மிஞ்சிய 100 லிட்டருக்கு மேலான தண்ணீரை வாளி வாளியாகக் கொல்லைக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றினேன். வாராவாரம் மாற்றிய தண்ணீரெல்லாம் பதினொரு வருடமாக அங்கேதான் போனது. அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி, கடைசியில் இலையாகி, தெருவில் பாதிப் பேர் வீட்டு ரசத்தில் மிதந்தது. பெரியவன் தின்றதில் ஒரு பங்கு இந்த மரத்தில் நிற்கிறது. அதைப் பெட்டியில் வைக்க முடியாது. அடியில் முளைத்திருந்த பக்கக் கன்று ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தேன். வேர் அறுந்து கையோடு வந்தது. பேசாமல் ஊற்றி முடித்தேன்.

காலித் தொட்டியை நாலு பேர் தூக்கினோம். தொட்டியைக் கொஞ்சம் தண்ணீரோடோ கல்லோடோ தூக்கிவிடலாம் என்று ஆசை வரும். கூடாது. கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது சிலிகான் மட்டும்தான். ஒரு மூலை அரை அங்குலம் முன்னால் ஏறினால் முறுக்கிக்கொள்ளும். அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்து ஒரு ராத்திரி தெரியும்.

குட்டியானையில் பின்னால் தொட்டி, கேன்கள், வாளி. முன் இருக்கையில் டிரைவருக்கும் எனக்கும் நடுவே தெர்மோகோல் பெட்டி. ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டிக்குள் 'களக்' என்று ஒரு சத்தம். வேளச்சேரி தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வந்தபோது விடிந்திருந்தது. ஒரு பக்கம் தண்ணீரில் நாரைகள். மறுபக்கத்திலிருந்து குப்பைமேட்டு வாடை. டிரைவர் பெட்டியைப் பார்த்தார்.

"இதுக்கு இவ்ளோ செலவா சார்? இங்கயே விட்டுட்டா ஜாலியா இருக்குமே?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் வீடு மாற்றுகிற பலர் அதைத்தான் செய்கிறார்கள். பெரிதாகிவிட்ட மீனைக் கொல்ல மனம் வராது, கொடுக்க ஆள் கிடைக்காது, ஏரியில் விட்டால் புண்ணியம் என்று தோன்றும். தொட்டிப் பாசியைத் தின்ன 'டேங்க் கிளீனர்' என்று விற்கிற தென்னமெரிக்கச் சக்கர் மீன் இன்று நம் ஏரிகளில் முள்கவசத்தோடு பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருப்பது அப்படி யாரோ தேடிக்கொண்ட புண்ணியத்தால்தான். 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்புநிலம் இது. ஒரு ஆஸ்கரை இங்கே விட்டால் ஒன்று அது சாகும், அல்லது மற்றவை சாகும். விடுதலை என்று நாம் நினைப்பது அதற்கு விடுதலையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. டிரைவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வீட்ல அம்மா தேடுவாங்க" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

*

புது வீட்டுக் கூடத்தில் சுவரோரம் ஸ்டாண்டை வைத்து, தம்பி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு பக்கம் ஓடியது. "வாட்டம் வச்சு டைல்ஸ் போட்டிருக்காங்க சார்" என்றார். கழுவிவிட்டால் தண்ணீர் பால்கனிப் பக்கம் ஓட வேண்டும் என்று கொத்தனார் வைத்த சரிவு. எங்கள் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நான்கடித் தொட்டியில் ஒரு ஓரம் விரற்கடை உயர்ந்து நின்றால், பாரமெல்லாம் ஒரு சிலிகான் விளிம்பில் போய் உட்காரும். ஸ்டாண்டின் காலடியில் தகடு கொடுத்து, மேலே தெர்மோகோல் ஷீட் விரித்துத் தொட்டியை இறக்கினோம். பழைய கல், பழைய வளைந்த வேர்க்கட்டை, பழைய பஞ்சு, பழைய தண்ணீர் 100 லிட்டர். மீதிக்குக் குளோரின் முறிக்க மருந்து கலந்த புதுத்தண்ணீர். அதை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி, முடிச்சுப் போட்ட டியூபில் சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் விட்டு அவனைப் பழக்கினோம். பதினொன்றரை மணிக்குப் பெரியவன் தன் தொட்டியில் இருந்தான்.

இருந்தான் என்று சொல்லக் கூடாது. கிடந்தான். பின்மூலையில் தரையோடு ஒருக்களித்து, நிறம் வெளுத்து, செவுள் மட்டும் அசைய.

"பயப்படாதீங்க சார். ஆஸ்கர் கோவிச்சுக்கும்" என்றார் தம்பி. தெரிந்ததுதான். இந்த இனத்துக்குப் பேர்போன சுபாவம் அது. இடம் மாற்றினால், கல்லை மாற்றினால்கூடச் சில நாள் சாய்ந்து படுத்துவிடும். முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் உருண்டைத் தீனி மூக்குக்கு நேரே இறங்கியது. கண் மட்டும் அதோடு கீழே போய் மேலே வந்தது. தினமும் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தேன். பச்சையானால் அம்மோனியா. மஞ்சளாகவே இருந்தது. பஞ்சுக் குடும்பம் வந்த அன்றே வேலைக்குப் போய்விட்டது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

அங்கேதான் என் உறை மோர்த் தத்துவம் இடித்தது. கண்ணாடி அதே கண்ணாடி. கல் வைத்த இடத்திலேயே கல். பதினொரு வருடப் புளிப்பு ஒரு துளி சிந்தாமல் வந்திருக்கிறது. மனிதர்கள் யாருக்கும் இப்படி நான்கு சுவரோடும் சேர்த்து வீடு மாற்றக் கொடுத்துவைப்பதில்லை. பிறகு என்ன வாட்டம்?

நாலாம் நாள் ராத்திரி தொட்டிக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தபோது பட்டது. நான் தொட்டியை வெளியிலிருந்து பார்க்கிறவன். அதனால் கண்ணாடி வரைக்கும்தான் அவன் வீடு என்று நினைத்துவிட்டேன். பதினொரு வருடம் அவன் பார்த்துக்கொண்டிருந்தது உள்ளே இருந்த கல்லையா? வலப்பக்கம் வாசற்கதவு, அது திறந்தால் பையன் வருவான். எதிரே தூண், அங்கே அம்மா. இடப்பக்கம் டிவியின் நீல வெளிச்சம். காலை வெயில் பின்னாலிருந்து வரும். நான் பேப்பரோடு குறுக்கே போவேன். அவன் குடியிருந்தது தொட்டியில் இல்லை, எங்கள் கூடத்தில். நாங்கள் பெட்டியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டு, வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். இங்கே வெயில் வேறு பக்கம். கதவு இடப்பக்கம். எதிரே அட்டைப்பெட்டிகள்.

இது ஒரு மனிதனின் கற்பனை என்று எனக்குத் தெரியும். மீனின் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்ல நான் யார். தள்ளாட்டத்தில் நரம்பு களைத்துக் கிடந்திருக்கலாம், அவ்வளவுதானாக இருக்கலாம்.

அந்த நாலு நாளும் அம்மாவுக்கும் ஓட்டமில்லை. தயிர் முதல் நாள் கொழகொழவென்று வந்தது. "இடம் பழகலை" என்றாள், தயிரைப் பற்றி. கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். வேலை செய்யக் கையில்லை; அரிவாள்மணை எந்தப் பெட்டியில் என்று யாருக்கும் தெரியவில்லை. கத்தியும் பலகையும் கொடுத்தால் வேண்டாம் என்றாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் துணிமூட்டைக்குள் அரிவாள்மணை கிடைத்தது. எதிரே இருந்த பெட்டிகளை ஒதுக்கி, மின்விசிறிக்கு நேர் கீழே முக்காலியைப் போட்டுக்கொண்டு அம்மா கொத்தவரங்காய் நறுக்க உட்கார்ந்தாள். அது தொட்டிக்கு நேர் எதிர் என்பது அவள் பார்த்து வைத்ததல்ல. காற்றுக்காக உட்கார்ந்தது. கால்மணி நேரம் நறுக்கும் சத்தம் மட்டும். நான் பேப்பரிலிருந்து நிமிர்ந்தபோது பெரியவன் நிமிர்ந்திருந்தான். கொஞ்சம் கோணலாக, ஒரு பக்கத் துடுப்பை அதிகம் அசைத்து, முன்கண்ணாடிக்கு வந்தான். வந்து நின்றான். வெளுத்திருந்த திட்டுகளில் தணல் மாதிரி நிறம் ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன, பசிக்குதா?" என்றாள், பழைய வீட்டில் கேட்கிற அதே குரலில்.

இருட்டத் தொடங்கியிருந்தது. தொட்டி விளக்கைப் போடலாம் என்று எழுந்து கையை நீட்டினேன். பெரம்பூர் வீட்டில் ஸ்விட்ச் இருந்த உயரத்தில், வெறும் சுவரைக் கை தடவிக்கொண்டிருந்தது.